நெக்ரில் கடற்கரையில் ஒரு வாரம்

10 பெப்ரவரி 2024, சனி

ரொறன்ரோவில் குளிர்மேலங்கியோடு விமானம் ஏறிய நாங்கள், நான்கு மணி நேரத்தில் ஜமேக்காவின் மொன்ரேகோ பேயில் அதைக் கழற்றிக் கையில் சுமந்தபடி இறங்கினோம். இந்த மாதத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால் மணிக்கூட்டைத் திருத்தும் வேலை இருக்கவில்லை. அங்கிருந்து கடலோரமாக மேற்கே நெக்ரிலுக்கு ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு, மணமாகி இருபதாவது ஆண்டில், நானும் கணவரும் தனியே வருகின்ற முதல் விடுமுறை இது.

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் ஏற்கும் விடுதி. சாப்பாடு, குடிவகை, படகு எல்லாம் முன்கூட்டியே கட்டிய பணத்தில் அடக்கம். அதற்கு அடையாளமாக மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டிவிட்டார்கள். அறைக்கதவு திறந்ததும் இவர் நேரே பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்தார். நான் கட்டிலருகே நின்றுவிட்டேன். விரிப்பின் முனையைச் சரிவாக மடித்து, சுருக்கம் ஒன்றுமில்லாமல் மெத்தைக்கு அடியில் செருகியிருந்தார்கள். கனடாவுக்கு வந்த புதிதில் விமான நிலையத்துக்கு அருகில் இருந்த ஒரு விடுதியில் மூன்று ஆண்டுகள் நான் செய்த வேலை அது. நாளொன்றுக்குப் பதினாறு அறைகள். அந்த மடிப்பைக் கண்டவுடன் இடுப்பில் பழைய நோவு ஒன்று எழும்பி அடங்கியது.

11 பெப்ரவரி, ஞாயிறு

காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் வெளிநாட்டு உணவுகள் இருந்த பக்கத்தில்தான் கூட்டம். ஜமேக்கா உணவுக்கு ஒதுக்கிய ஒரு மேசையின் முன் ஆளில்லை. ஆகவே அங்கு நின்ற சமையற்காரருக்கு என்னோடு பேச நேரம் கிடைத்தது. இந்நாட்டின் தேசிய உணவு அக்கியும் உப்புமீனும். அக்கி, சிவந்த தோலுக்குள் பளபளக்கும் கறுப்பு விதைகளும் இளமஞ்சள் சதையும் கொண்ட பழம். மரத்திலேயே பழுத்துத் தானாக வாய் திறக்கும் வரை அதைப் பறிக்கக்கூடாது. அதற்கு முன் உண்டால் நஞ்சு. வெங்காயம், தக்காளி, ஸ்கொட்ச் பொனற் மிளகாய் சேர்த்து வதக்கி எடுத்தால் பார்வைக்கு முட்டைப் பொரியல்போல இருக்கிறது. வாயில் வைத்தால் வெண்ணெய்போலக் கரைகிறது.

அந்தத் தட்டில் இருந்த முக்கியமானவை எல்லாம் கடல் தாண்டி வந்தவை. அக்கி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உப்பிட்ட கொட் மீன் நான் இன்று வாழும் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து, கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்தவர்களின் மலிவான உணவாகக் கப்பல்களில் ஏற்றப்பட்டு வந்தது. ரம்மும் சர்க்கரைப்பாகும் அதற்கு மாற்றாகத் திரும்பிச் சென்றன. பக்கத்தில் சுட்டு வைத்திருந்தது எங்கள் ஊர் ஈரப்பலாக்காய். அதையும் அந்த மனிதர்களுக்கு உணவாகவே தகீற்றித் தீவிலிருந்து கப்பல் தலைவர் பிளை 1793இல் இங்கு கொண்டுவந்து சேர்த்தார். பிறரைப் பட்டினியில்லாமல் வேலை வாங்குவதற்காகக் கொண்டுவந்தவற்றை ஒரு மக்கள் தங்கள் பெருமைக்குரிய உணவாக ஆக்கிக்கொண்டதை நினைத்தபடி, ஆறுதலாக, ஒன்றையும் மிச்சம் விடாமல் சாப்பிட்டேன்.

கலலூ என்று பரிமாறியது தண்டுக்கீரை இனம்தான். சேரசி என்ற கசப்புத் தேநீரை ஒரு மிடறு குடித்ததும் தெரிந்துவிட்டது, அது பாவற்கொடியின் இலை.

12 பெப்ரவரி, திங்கள்

விடுதிக்கு முன்னால் மணலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் மரச்சிற்பமும் பழமும் விற்கும் ஊர்க்காரர்கள். ஒரு காவலாளி நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறார். 1956ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் இந்நாட்டின் கரையோர நிலத்தின் உரிமையை முடியரசிடம் வைத்திருக்கிறது. உரிமம் பெற்றவர்கள் அதில் தொழில் நடத்தலாம், ஆனால் கடலில் இறங்கிக் குளிப்பதற்குப் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை என்று ஒன்றை அச்சட்டம் தரவில்லை. ஜோன் இசா 1978இல் ஓச்சோ ரியோஸில் இணையர்களுக்கு மட்டுமான விடுதியைத் தொடங்கினார். 1981இல் கோர்டன் ஸ்ருவர்ட் மொன்ரேகோ பேயில் சாண்டல்ஸ் விடுதியைத் திறந்தார். எல்லாம் அடங்கிய விடுமுறை என்ற தொழிலை உலகறியச் செய்ததில் ஜமேக்கர்களுக்குப் பெரும் பங்குண்டு. அந்த ஜமேக்காவில் பிறந்த பிள்ளை கயிற்றுக்கு அப்பால் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மீன்பிடிக் கிராமத்தில் வளர்ந்தவள் நான். கடற்கரைக்கு வேலி போட்டு நான் கண்டது போர்க்காலத்தில் மட்டும்தான்.

கயிற்றைத் தாண்டிப் போய் இரண்டு கொய்யாப்பழம் வாங்கினேன்.

14 பெப்ரவரி, புதன்

காதலர் நாள் என்பதால் மேசைகளெல்லாம் சிவப்பு ரோசா. காலையில் கோப்பி ஊற்ற வந்த பெண்ணின் நெற்றியில் சாம்பலால் ஒரு சிலுவை. விபூதிப் புதன்! இந்த நாட்டில் இன்று பொது விடுமுறை. விடுதியில் மட்டும் எல்லோரும் வேலையில் இருந்தார்கள். விடிய முன்னரே கோவிலுக்குப் போய்விட்டு வந்ததாக அவர் சொன்னார். அப்பாவின் நெற்றி நினைவுக்கு வந்தது. கண் கலங்கியதை அவர் கவனித்து, ஒன்றும் கேளாமல், கோப்பியை நிரப்பிவிட்டுப் போனார்.

ஆறேகால் மணியளவில் சூரியன் கடலுக்குள் இறங்கியபோது நானும் கணவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் ஒரு முழு மணி நேரம் கடந்ததை இருவரும் ஒன்றாகத்தான் கவனித்தோம். இருபது ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் சொன்ன அதே பழைய பகிடியை அவர் இன்றும் சொன்னார், நானும் சிரித்தேன்.

15 பெப்ரவரி, வியாழன்

இன்று வேண்டுமென்றே அறையில் தங்கினேன். வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். சவானா லா மாரிலிருந்து பலரோடு நெருங்கி அமரும் வாடகைக் காரில் தினமும் வருகிறார். நானும் இந்த வேலை செய்தவள் என்று சொன்னபோது முதலில் நம்பாமல் பார்த்தார். உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மேற்பார்வையாளர் கண்டால் தனக்குத்தான் ஏச்சு விழும் என்றார். கதவைச் சாத்தினேன்.

விரிப்பை அவர் உதறினார், மறுமுனை என் கைக்கு வந்தது. யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை, ஆனால் இருவரும் ஒரே கணத்தில் தாழ்த்தினோம். காலடி முனையை நான் தூக்கிச் சரிவாக மடித்து, உள்ளங்கையால் அழுத்திச் செருகினேன். அவர் என் பக்கம் சுற்றி வந்து மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். "உண்மைதான், மிஸ், நீங்கள் செய்திருக்கிறீர்கள்" என்றார். பிறகு தன் பெருவிரல் மூட்டைக் காட்டினார். அதே இடத்தில் எனக்கும் வீக்கம் உண்டு, நானும் காட்டினேன்.

17 பெப்ரவரி, சனி

நேற்று முழுவதும் மழை, எழுத ஒன்றுமில்லை.

பேருந்து பத்து மணிக்கு. இவர் பெட்டிகளை இறக்கும்போது, நான் தலையணை உறைகளைக் கழற்றி, ஈரத் துவாய்களைப் பெரிய துவாய் ஒன்றுக்குள் சுருட்டிக் கட்டி, விரிப்புகளை உருவிக் கட்டிலின் கால்மாட்டில் குவித்து வைத்தேன். இப்படிச் செய்தால் அறையைத் துப்புரவாக்க வருபவருக்கு நான்கு நிமிடம் மிஞ்சும். அன்பளிப்புப் பணத்தை உறையிலிட்டு, வியாழக்கிழமை வந்தவருக்கு என்று எழுதி, வேறு யார் கைக்கும் போகாமல் தாழ்வாரத்தில் அவரைத் தேடிப்பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.