அத்தையின் சண்டையும் சிவனொளிபாதமும்

இலங்கையின் சிவனொளிபாத மலையில் இத்தனை பேர் இராத்திரி இராத்திரியாக ஏறுகிறார்களே, பாதத்தைப் பார்த்தவர் யார் என்று நான் பல காலம் வம்புக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். உச்சியில் கண்ணில் படுவது மூடிய கல்லும் அதன்மேல் போர்த்திய துணியும்தான். உண்மையான சுவடு அதற்கும் அடியில் இருப்பதாக ஐதீகம். நமக்கு அது சிவன் பாதம், பௌத்தருக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபி. கிறிஸ்தவர்களில் சிலருக்குப் புனித தோமையார். ஒரே கல்லுக்கு நாலு சொந்தக்காரர் என்றால் நாலு பத்திரமும் பொய்தான் என்பது என் வாதம்.

வாதத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. 2014 ஒக்டோபர் 29, தீபாவளி முடிந்து சரியாக ஒரு கிழமை. கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் காலை நேரத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். ஆகவே அது மனிதர் செய்த குற்றம், சாமியை இழுக்காதே என்பார்கள். சரி. ஆனால் அந்த லயங்களிலும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்த கைகள் இருந்தனவே! அதற்குப் பிறகு கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அத்தை ஆயுள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அவருக்கு வேலை எங்கேயோ அங்கே சாமி. மாரியம்மன் எப்போதும் உண்டு. செடி வெட்டும் கவ்வாத்து தொடங்கினால் கவ்வாத்துசாமி, பெக்டரி மிஷினுக்கு ரோதமுனி. சிவனொளிபாதம் போகத் துணைக்கு வா என்று அவர் கூப்பிட்டபோது, துணைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டுத்தான் ஹட்டனில் பஸ் ஏறினேன்.

மார்கழிப் போயா என்னும் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் சீசன். நல்லதண்ணி வழியாக ஏறினால் ஐயாயிரத்துக்கு மேல் படி. சூரிய உதயத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்று நடுச்சாமத்தில் கிளம்பினோம். சீதகங்குல ஓடையில் முகம் கழுவியதில் கை மரத்துப்போனது. ஊசி நூல் போடும் இடத்தில் ஒரு சிங்கள ஆச்சி தன் நூல்கட்டையை அத்தையிடம் நீட்ட, இரண்டு பேருமாக நூலை இழுத்துக்கொண்டே ஏறினார்கள். ஆச்சி சிங்களத்தில் தெய்வத்தை அழைத்துத் தெய்யோ என்றார், அத்தை அரோகரா என்றார். இருவருக்கும் அதில் ஒரு வில்லங்கமும் இல்லை. நாலு பத்திரக் கதையை அந்த இடத்தில் எடுத்துவிட எனக்கே கூச்சமாக இருந்தது.

படி செங்குத்தானதும்தான் அத்தையின் வழிபாடு தொடங்கியது. ஒரு கை முழங்காலில், ஒரு கை இரும்புக் கம்பியில். "ஒனக்கு இம்புட்டு ஒசரத்துலதான் எடம் கெடச்சுச்சா?" அடுத்த படி. "கூப்பிட்டா எறங்கி வர மாட்ட, நாங்கதான் ஏறணும்." அடுத்த படி. "எம் புருசன் மூச்சு விட முடியாம கெடந்தப்ப எங்க போயிருந்த?" பக்கத்தில் வந்த பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, விளையாட்டுக்குச் சொல்லவுமில்லை.

உச்சியில் பாதத்தின் முன் நிற்கக் கிடைத்தது சில விநாடிகள். பின்னால் தள்ளுகிறார்கள். அத்தை சில்லறையைப் போட்டுவிட்டு நெற்றியைக் கல்லில் வைத்தார். எனக்கு ஒன்றும் நேரவில்லை. மெய்சிலிர்க்கவில்லை, கண் கலங்கவில்லை, குளிர் மட்டும்தான். விடிந்ததும் மேற்கே மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின்மேல் விழுந்ததைப் பார்த்தபோதுதான் வாயடைத்து நின்றேன். அதைப் பக்தி என்று சொல்ல மாட்டேன்.

எத்தனை தடவை வந்தோமோ அத்தனை தடவை மணி அடிப்பது அங்கே வழக்கம். அத்தை தன் கணக்கை முடித்துவிட்டு இன்னொன்று அடித்தார். "இது மாமாவுக்கு. வரணும் வரணும்னே போயிட்டாரு." சாமியிடம் கணக்கில் ஏமாற்றலாமா என்றேன். "அவரு ஏமாத்துனதுல இது எந்த மூலைக்கு?"

இறங்கும்போது மீரியபெத்தையைக் கேட்டேவிட்டேன். அவ்வளவு பேரைக் காப்பாற்றாதவரிடம் எப்படி விளக்கு வைக்க மனம் வருகிறது?

"அத நான் கேக்காத நாளா? கேட்டுட்டுத்தான் வெளக்கு வெக்கிறேன்."

கண் போனதும் திருவாரூரில் நின்று சிவனோடு சண்டை பிடித்த சுந்தரரின் கதை நினைவுக்கு வந்தது. பள்ளியில் அதைத் தோழமை என்று படிப்பித்தார்கள். கொழுந்துக் கூடை சுமந்த முதுகோடு என் முன்னால் ஒவ்வொரு படியாக இறங்கியவரிடம் இருந்தது தோழமையா என்று தெரியவில்லை. பணிவு இல்லை என்பது மட்டும் நிச்சயம். கேள்வி கேட்டால் நம்பிக்கை போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கோ இரண்டும் ஒரே அடுப்பில் எரிகின்றன.

"எனக்கு அவர் இருக்கிறார் என்றே தோன்றவில்லை, அத்தை."

"இல்லாத ஆளு மேலயா இத்தன வருசமாக் கோவிச்சுக்கிட்டு இருக்க?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"இரு, இரு. விட்டுறாத" என்றவர் அப்படியே படியில் உட்கார்ந்து, முழங்காலுக்குச் சித்தாலேப்ப களிம்பு கேட்டார்.