காகிதத்தோடு வருகிறவர்கள்

நவம்பர் 4
மைக்கட்டியைக் கல்லில் அரை மணி நேரம் தேய்த்தேன். விளக்குப் புகையின் கரியும் விலங்குப் பசையும். குளிரில் பசை இறுகிக்கொள்கிறது. தேய்க்கும்போது கை நடுங்குவதில்லை. தூரிகையைத் தூக்கினால்தான்.

நவம்பர் 5
ஒரே இழுப்பில் போடும் ஜென் வட்டம், இருபது. எல்லாம் குப்பைக்கு.

நவம்பர் 7
ஹகாட்டாவில் இறங்கி ஷோஃபுகுஜி வரை நடந்தேன். ஜப்பானிய ஜென் துறவி எய்சாய் 1195இல் நிறுவிய கோயில். கட்டடங்களுக்குள் விடுவதில்லை, வளாகத்தைச் சுற்றலாம். படம் வரைந்த ஜென் துறவி சென்காய் இங்கேதான் இருந்தார். படம் கேட்டு ஊரே வந்து நின்றதாம். ‘என் குடிசை என்ன கக்கூஸா, வருகிறவனெல்லாம் காகிதம் வைத்துவிட்டுப் போகிறான்’ என்று கவிதையே எழுதிவிட்டார். 1832இல், 83 வயதில், இனி வரைய மாட்டேன் என்று கல்லில் வெட்டி நட்டார். அப்புறமும் வரைந்தார்! 1837இல் சாகும்வரை.

வெறுமையிலிருந்து படம் பிறக்கிறது என்று எங்கள் வகுப்பில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எனக்கென்னவோ இந்தத் தொல்லையிலிருந்துதான் பிறந்தது என்று படுகிறது.

நவம்பர் 9
போன் வரவில்லை.

நவம்பர் 12
இன்னொரு ஜென் துறவி ஹகுயின் வரைந்த தருமாவையே, அதாவது போதிதருமரையே, பார்த்துக்கொண்டிருந்தேன். இளமையில் தியானம் அளவு மீறி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். நமக்குக் கிடைத்திருக்கும் படங்களில் பெரும்பாலானவை அறுபதுக்கு மேல் வரைந்தவை. சில படங்களில் முதலில் கரியால் போட்ட கோடு இன்னும் தெரிகிறது. தூரிகை அதை மதிக்காமல் வேறு பக்கம் போயிருக்கிறது. அழிக்கவும் இல்லை. நான் கோடு போட்டால் அதன் மேலேயே ஊர்கிறேன், அதிலும் நடுக்கம்.

அம்மாவிடம் சொன்னால், “போதிதருமர் நம்ம காஞ்சிபுரத்துக்காரர்தானடா” என்கிறாள். பழைய சீனக் குறிப்பில் தென்னிந்திய அரசனின் மகன் என்றுதான் இருக்கிறது, காஞ்சி அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது என்றேன். “சரி, டாக்டர் என்ன சொன்னார்?”

நவம்பர் 13
இன்றும் இல்லை.

நவம்பர் 15
மேல்மாடிச் சிறுமி கதவைத் தட்டினாள். கையில் ஒரு தாள், தவளை வேண்டுமாம். உட்கார்ந்தே புத்தராகலாம் என்றால் இதுவும் ஆகியிருக்குமே என்று சென்காய் கிண்டலாக வரைந்த தவளை ஞாபகம் வந்தது. ஒரே இழுப்பில் முதுகு. கை நடுங்கியதில் முதுகெல்லாம் மேடு மேடாக வந்துவிட்டது. குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்கு அரிக்குதா?” என்றாள்.

நவம்பர் 16
மூன்று தாளோடு வந்தாள். கூடவே தம்பி.

நவம்பர் 17
வட்டம் போடவில்லை. தவளை ஏழு, பூனை ஒன்று. பூனை நாய்போல இருக்கிறது.

நவம்பர் 18
நாளை காலை பத்தரைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். கூட யாரையாவது அழைத்து வாருங்கள் என்றும். மைக்கல்லைக் கழுவவில்லை.