நெல்லை கேபிள் சேனலின் பழைய செய்தி கேசட்டுகளைக் கணினிக்கு ஏற்றிய அனுபவம்

திருநெல்வேலியில் 90களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, கேபிள் டிஜிட்டலான பிறகு மூடப்பட்ட ஒரு உள்ளூர் சேனலின் செய்தி கேசட்டுகளைக் கணினிக்கு ஏற்றும் வேலையை நண்பர்கள் சிலர் சேர்ந்து செய்தோம். சேனலின் பெயர் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், இங்கும் அப்படியே இருக்கட்டும். தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா ஊரிலும் இப்படி ஒரு சேனல் இருந்தது. அதன் கேசட்டுகள் இன்றும் யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கும். அவற்றை எடுக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எங்களை இதில் இறக்கிவிட்டது 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன் பேருந்து நிலையமும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸும் தண்ணீரில் நின்றன. அந்த வாரம் முழுக்க ஊரில் பேச்சு 1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றித்தான். அதைவிட இது பெரிசா, அப்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு அளவு சொன்னார்கள். 92-இல் எடுத்த வீடியோ அண்ணாச்சியிடம் இருக்கும் என்று ஒரு பழைய கேமராமேன் சொல்ல, போய்ப் பார்த்தோம். அவர் வீட்டுக் கீழ்த்தளத்திலும் தண்ணீர் ஏறி வடிந்திருந்தது. அடியில் இருந்த அட்டைப்பெட்டிகள் சேற்றோடு சேர்ந்து ஊறிக் கிடந்தன.

"எடுத்துட்டுப் போடே. இங்க கெடந்தா மிச்சத்தையும் கரையான்தான் திங்கும்" என்றார்.

நனைந்த கேசட்டை என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நேரம் முக்கியம். வெயிலில் வைக்கக் கூடாது, சூடான காற்று காட்டக் கூடாது. ஓடுகிறதா என்று பார்க்க டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் இயந்திரத்தில், போடவே கூடாது. ஈரமான டேப், அதைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டால் கேசட்டும் போகும், டெக்கும் போகும். சேறு காய்ந்து இறுகுவதற்குள் டிஸ்டில்டு வாட்டரில் அலச வேண்டும். பிறகு கேசட் கூட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, டேப் சுற்றிய ரீல்களைத் தனியே எடுத்து, நிழலில் லேசான காற்றில் உலரவிட வேண்டும். நன்றாக உலர்ந்ததும் வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் மாற்றி, ஒருமுறை முழுக்க மெதுவாகச் சுற்றிவிட்டு, அதன்பிறகே ஓட்ட வேண்டும். பூஞ்சை பிடித்தவற்றை மற்றவற்றோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

எந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்று ஊகிக்கச் சேனலின் வரலாறு தெரிந்திருக்க வேண்டியிருந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கினாலும், தெற்கே இருந்தவர்களுக்கு அது நெடுநாள் எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்த பிறகு, உயரமான ஆன்டெனா கட்டி அதைப் பார்த்த வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் தூர்தர்ஷன் இங்கே தெளிவாகத் தெரிந்தது. 1991 வளைகுடாப் போரை ஒட்டி நாடெங்கும் டிஷ்ஷும் கேபிளும் பரவிய நேரத்தில், அண்ணாச்சி சில தெருக்களுக்கு வயர் இழுத்து, விசிஆரில் படம் போட்டுக்கொண்டிருந்தார். மறு வருடம் வெள்ளம் வந்தது. கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் பானாசோனிக் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு தாமிரபரணிக் கரையில் உள்ள குறுக்குத்துறைக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் போய் எடுத்து வந்ததை, அன்று இரவே வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே ஒளிபரப்பினார்கள். அந்தச் சேனலின் முதல் செய்தி அதுதான். செய்தி வாசிப்பாளர் இல்லை, எழுத்து இல்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் "இந்தா பாருங்க, கோயில் கோபுரம் மட்டுந்தான் தெரியுது" என்று சொல்லும் குரல் மட்டும் இருக்கிறது.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்ததும் இணைப்புகள் பெருகின. 1995-இல் கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்து தொழில் நடத்தும் முறை ஏற்பட்டது. அதன் பிறகு அண்ணாச்சி தினமும் மாலையில் ஒரு செய்தித் தொகுப்பு போடத் தொடங்கினார்.

அது எப்படித் தயாரானது என்பதைக் கேட்கக் கேட்க எனக்கு வியப்பு தீரவில்லை. தென்காசி, சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று ஊருக்கு ஒரு நிருபர். அவரே கேமராமேன். மத்தியானத்துக்குள் எடுத்து, கேசட்டைக் காகிதத்தில் சுற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். வண்டி நம்பரை போனில் சொல்வார். ஜங்ஷனில் ஒரு பையன் அந்த பஸ்ஸுக்காகக் காத்திருப்பான். கேசட்டோடு அரைப்பக்கக் குறிப்பும் வரும்: யார், எங்கே, எத்தனை பேர், யார் பேசியது. ஆபீஸில் இரண்டு விசிஆரை இணைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் துண்டு துண்டாகப் பதிந்து எடிட் செய்வார்கள். நடுவில் ஒரு செய்தியை நுழைக்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். குரல் கொடுப்பவர் படத்தைப் பார்த்தபடியே ஸ்கிரிப்டை வாசிப்பார். திங்கள்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸ் மனு நாள், அதற்குத் தனி ஆள். கடைசியில் அணைகளின் நீர்மட்டம். கீழே ஓடும் ஸ்க்ரோலில் மறுநாள் மின்தடை, கண்ணீர் அஞ்சலி.

மறுநாள் காலை அதே கேசட் அதே பஸ்ஸில் நிருபருக்குத் திரும்பிப் போகும். அதன் மேலேயே அடுத்த செய்தியைப் பதிவார். நமக்கு இன்று வேண்டியதெல்லாம் அப்படித்தான் அழிந்தது. வெட்டாத முழுக் காட்சி அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை. ஒளிபரப்பான தொகுப்புகளிலும், யாராவது "இத அழிக்காத" என்று சொல்லி எடுத்துவைத்தவை மட்டும் இருக்கின்றன. 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்து, ஆற்றில் 17 பேர் இறந்தார்களே, அந்தத் தேதி எழுதிய கேசட் பெட்டியில் இருந்தது. எடுத்தபோது கை நடுங்கியது. ஓட்டிப் பார்த்தால் முழுக்க ஒரு கோயில் கொடை விழா. கேசட் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளாக இருந்த காலத்தில் வேறென்ன செய்திருப்பார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் அன்று முழுக்க வேறு எந்த கேசட்டையும் தொட முடியவில்லை.

இனி இயந்திரங்கள். விஎச்எஸ் கேசட்டுக்கு, அதாவது அந்தக் காலத்துப் பெரிய வீடியோ கேசட்டுக்கு, நல்ல விசிஆர் கிடைப்பதே பெரும்பாடு. உலகத்தில் கடைசியாக அதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. பழைய மெக்கானிக்குகளிடம் சொல்லிவைத்து, ஒரே மாடலில் ஒன்றுக்கு மேல் வாங்குங்கள். ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு உதவும். ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் அடிக்கடி துடைக்க வேண்டும். விசிஆருக்கும் கணினிக்கும் நடுவே டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இல்லாவிட்டால் பழைய டேப்பின் படம் ஆடும், கணினியில் பதிவது நடுவில் நின்றுவிடும். 720×576, வினாடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் கோடுகள் (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் தனித்தனியே பதிவதால் அசையும் இடங்களில் தெரிபவை) உள்ளபடியே, எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாத முறையில் சேமித்தோம். பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று மூலக் கோப்பிலேயே கோடுகளை நீக்கிவிடாதீர்கள். நீக்கியதைப் பார்வைக்கான பிரதியில் மட்டும் வையுங்கள்.

2000-க்குப் பிந்தையவை மினி டிவி (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் கேசட்டுகள், சோனியின் தொழில்முறைக் கேமராவில் எடுத்தவை. இவற்றில் பதிந்திருப்பதே டிஜிட்டல் என்பதால், ஃபயர்வயர் என்ற இணைப்பு வழியாக, உள்ள தகவலை அப்படியே இறக்கலாம், தரம் குறையாது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வரும். புதிய கணினிகளில் ஃபயர்வயர் கிடையாது, பழைய கணினி ஒன்றைத் தேட வேண்டும். இந்தக் கேமராவில் டிவிகேம் (DVCAM) என்ற சோனியின் முறையில் பதிந்திருந்தால் 60 நிமிடக் கேசட்டில் 40 நிமிடம்தான் இருக்கும். அதைச் சாதாரண மினி டிவி கேமராக்கள் பலவும் ஓட்டாது. கேசட் பழுது என்று ஒதுக்குவதற்கு முன் வேறு டெக்கில் போட்டுப் பாருங்கள். டிவிரெஸ்க்யூ (dvrescue) என்ற இலவச மென்பொருள் எந்த ஃபிரேமில் பிழை என்று காட்டும். இரண்டு முறை இறக்கி, இரண்டிலும் உள்ள நல்ல பகுதிகளை ஒன்றாக்கவும் செய்யும். எதுவானாலும் ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். குறுக்குவழி இல்லை.

இதையெல்லாம் விடக் கடினமானது தேதி. லேபிள்கள் ஊறிப் போயிருந்தன. செய்தியில் "இன்று" என்பார்களே தவிர ஆண்டு சொல்ல மாட்டார்கள். எங்களுக்குக் கைகொடுத்தது அணை நீர்மட்டம். பாபநாசம் அணையின் உச்ச அளவு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. ஒவ்வொரு நாளும் இரண்டின் நீர்மட்டமும், வரத்தும், திறப்பும் வாசிக்கப்பட்டிருக்கின்றன. நாளிதழ்களிலும் அதே எண்கள் வந்திருக்கும். நூலகத்தில் பழைய இதழ்களை எடுத்து, முகங்களையும் ஸ்க்ரோலில் ஓடிய சினிமா விளம்பரத்தையும் வைத்து ஆண்டை ஓரளவு நெருங்கிய பிறகு, இரண்டு அணைகளின் எண்ணும் ஒன்றாகப் பொருந்தும் நாளைத் தேடினோம். பல தொகுப்புகளுக்குச் சரியான தேதியே கிடைத்தது. மனு நாள் செய்தி இருந்தால் திங்கள்கிழமை என்பதும் உறுதி. வேறு மாவட்டத்தில் செய்பவர்கள் தங்கள் ஊர்ச் செய்தியில் தினமும் தவறாமல் வந்த எண் எது என்று தேடுங்கள். தேதி தெரியாத காட்சியை வைத்துக்கொண்டு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. நிருபர்கள் அனுப்பிய அரைப்பக்கக் குறிப்புகளில் ஒரு ஃபைல் கிடைத்தது. அதை ஒரு நல்ல கேசட்டைவிட உயர்வாக மதிக்கிறேன்.

92 வெள்ளக் கேசட் ஓடியது. சில கட்டடங்களின் படிகளிலும் சுவர்களிலும் தண்ணீர் நின்ற உயரம் தெளிவாகத் தெரிகிறது. 2023-இல் எடுத்த செல்போன் படங்களை அதே இடங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஓரிடத்தில் பழையது உயரம், இன்னோரிடத்தில் புதியது உயரம். இடையில் என்னென்ன கட்டினார்கள், எந்த ஓடையை மூடினார்கள் என்று இடம் இடமாகக் கேட்க இப்போது கையில் ஆதாரம் இருக்கிறது.

சேனல் மூடியதற்கு அண்ணாச்சி சொன்ன காரணம் எளிது. அனலாக்கில், படத்தை கேபிள் சிக்னலாக மாற்றும் ஒரு மாடுலேட்டரை வைத்துத் தன் வயரிலேயே சேனலை ஏற்றிவிடலாம். 2017-க்குப் பிறகு கேபிள் முழுக்க டிஜிட்டலானதும் எல்லாமே பெரிய நிறுவனத்தின் ஹெட்எண்ட் என்ற ஒளிபரப்பு மையம் வழியாகத்தான் போக வேண்டும், அங்கே இடம் வாங்க வேண்டும். இன்று உள்ளூர் சேனல்களுக்கு 2022 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் இருக்கின்றன: சேனலுக்கு 1000 ரூபாய் பதிவுக் கட்டணம், உள்ளூர்ச் செய்தி ஒளிபரப்புபவர் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும், ஒளிபரப்பியதன் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். அந்த 90 நாள்தான் என்னை உறுத்துகிறது. புகார் விசாரிக்க அது போதும், ஊரின் நினைவுக்குப் போதாது. இன்று நடக்கும் சேனல்களில் கேசட் இல்லை, ஹார்ட் டிஸ்க். அழிப்பது இன்னும் சுலபம். மாதத்துக்கு ஒரு நாள் தொகுப்பையாவது தனியே எடுத்துவையுங்கள் என்று தெரிந்த சேனல்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றவில்லை. அந்தக் காலத்துச் செய்திகளில் விபத்தில் இறந்தவர்களின் உடல்கள், வழக்கில் சிக்கிய சிறுவர்களின் முகங்கள், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களின் பெயர்கள் வரை தாராளமாகக் காட்டியிருக்கிறார்கள். சிறுவர்களை அடையாளம் காட்டுவதைச் சிறார் நீதிச் சட்டமும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் தடுக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் குடும்பங்கள் இதே ஊரில்தான் இருக்கின்றன. அவற்றை மூலக் கோப்பில் மட்டும் வைத்து, பட்டியலில் குறியிட்டிருக்கிறோம். நடுவே வரும் சினிமாப் பாடல்களின் உரிமை சேனலுக்குக் கிடையாது, அவற்றை ஒதுக்கினோம். மற்றதற்கு அண்ணாச்சியிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கினோம். வாய்வார்த்தை நாளை அவர் பிள்ளைகள் காலத்தில் செல்லாது.

மூன்று பிரதிகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆற்றங்கரையை விட்டு வெகுதூரத்தில். இப்போது பழைய கேமராமேன்களை உட்காரவைத்து, தொகுப்புகளை ஓட்டி, முகங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதை முதலிலேயே செய்யத் தொடங்குங்கள், டெக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவர்கள் எல்லோருக்கும் வயதாகிவிட்டது.