நாற்பதுக்கு மேல் 22 வெற்றிகள்: விஜய் சிங்

கோல்ஃப் என்று பேச்செடுத்தாலே டைகர் உட்ஸ் பெயர்தான் முதலில் வரும், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டக்காரர் யாரென்றால் விஜய் சிங் என்றுதான் சொல்வேன். ஃபிஜி தீவில் லவுடோக்கா என்ற ஊரில் 1963-ல் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், விமானத் துறையில் டெக்னீஷியனாக இருந்த அப்பாதான் அவருக்கு கோல்ஃப் சொல்லிக்கொடுத்தவர். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் அவர் ஜெயித்தவை மொத்தம் 34 போட்டிகள், அதில் 22 நாற்பது வயது முடிந்த பிறகு வந்தவை. அதுவரை அமெரிக்காவின் பழைய ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் நாற்பதுக்கு மேல் வைத்திருந்த சாதனை 17. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒத்துழைப்பதை நிறுத்தும் வயதில் ஒருவர் தன் உச்சத்தைத் தொட்டது எப்படி என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி, அதற்கு விடை தேடினால் போர்னியோவுக்குப் போக வேண்டியிருக்கிறது.

1982-ல் தொழில்முறை ஆட்டக்காரரானார், 1984-ல் மலேசிய பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றார். அடுத்த வருடமே பெரிய அடி. இந்தோனேசியாவில் ஒரு போட்டியில், கட் (பாதிப் போட்டியில் மேலே தொடர்பவர்களைப் பிரிக்கும் கோடு) தாண்டுவதற்காக ஸ்கோர்கார்டில் ஒரு ஷாட்டைக் குறைத்து மாற்றினார் என்று குற்றச்சாட்டு எழுந்து, ஆசிய டூர் அவரைத் தடை செய்தது. நான் ஏமாற்றவில்லை, நடந்தது ஒரு தவறான புரிதல் என்று அவர் அன்றும் சொன்னார், பிறகும் அதையேதான் சொல்லி வந்தார். கோல்ஃபில் ஆட்டக்காரரே தன் ஸ்கோரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதால் இந்த மாதிரிப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது, இன்றைக்கும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அப்புறம் அவர் போய்ச் சேர்ந்தது போர்னியோ தீவில் ஒரு கிளப்பில், உறுப்பினர்களுக்குப் பாடம் எடுக்கிற வேலைக்கு. இருபத்திரண்டு வயது, கையில் பெரிதாகப் பணமில்லை, போட்டியில் ஆடவும் வழியில்லை. பாடம் முடிந்த நேரமெல்லாம் வெயிலில் நின்று பந்தடித்தார். பல மணி நேரம் தனியாக நின்று பயிற்சி செய்யும் பழக்கம் அங்கேதான் உறுதிப்பட்டது என்பது என் எண்ணம். பின்னாளில் பணமும் புகழும் வந்த பிறகும், ஃப்ளோரிடாவில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சாக்ராஸ் மைதானத்தில் பந்தடித்துப் பழகும் இடமான டிரைவிங் ரேஞ்சில் காலையில் வந்து பொழுது சாயும்போதுதான் போவார் என்று சக ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அவர் ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் விதத்தை, வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பந்தைத் தாண்டும் இடத்தில் வலது உள்ளங்கை மட்டையை விட்டுத் திறந்துகொள்ளும். எந்தப் பயிற்சியாளரும் இப்படிக் கற்றுத்தர மாட்டார், ஆனால் அடித்து அடித்தே அதை நம்பகமானதாக ஆக்கிக்கொண்டார்.

போர்னியோவிலிருந்து மேலே வந்த பாதையும் சுலபமானது இல்லை. 1988-ல் நைஜீரிய ஓப்பனை வென்றார், ஐரோப்பிய டூருக்குத் தகுதி பெற்று 1989-ல் இத்தாலியில் முதல் வெற்றி, 1993-ல் அமெரிக்காவில் பியூயிக் கிளாசிக். கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் இரண்டும் வந்தன, 1998-ல் பிஜிஏ சாம்பியன்ஷிப், 2000-ல் மாஸ்டர்ஸ். அந்த மாஸ்டர்ஸ் வாரத்தில் அவருடைய சின்ன மகன், உங்கள் ஸ்விங்கை நம்புங்கள் அப்பா என்று எழுதிக் கொடுத்த காகிதம் அவர் பையில் இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது.

சரி, 2004-க்கு வருவோம், அவருக்கு அப்போது 41 வயது. ஆகஸ்டில் விஸ்லிங் ஸ்ட்ரெயிட்ஸில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசி நாளில் அவர் எடுத்தது 76 ஷாட், கோல்ஃபில் ஷாட் குறைவாக இருந்தால்தான் நல்லது. பதினெட்டுக் குழியில் ஒரு பேர்டிகூட (குழிக்கு நிர்ணயித்ததைவிட ஒரு ஷாட் குறைவு) இல்லை! ஜெயித்த ஆளின் கடைசிச் சுற்று மாதிரியே இல்லை. ஜஸ்டின் லெனர்ட் கடைசிக் குழியில் போகி (நிர்ணயித்ததைவிட ஒரு ஷாட் அதிகம்) போட்டதால் லெனர்ட், கிறிஸ் டிமார்கோ, விஜய் மூவரும் சமமாக முடித்து, வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டமான பிளேஆஃபுக்குப் போனார்கள். பிளேஆஃபின் முதல் குழியில் டிரைவர் என்ற, தூரம் அடிக்கும் மட்டையை எடுத்து, குழி இருக்கும் கிரீன் பக்கம் வரை அடித்து, அந்த நாளின் முதல் பேர்டியைப் போட்டார். கோப்பை அவருக்கு. நாள் முழுக்கச் சொதப்பிய பிறகு அந்த டிரைவரை எடுக்க ஒருவருக்குத் துணிச்சல் வர வேண்டுமென்றால் அந்த ஷாட்டை ஆயிரக்கணக்கான தடவை அடித்திருக்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செப்டம்பர் 6-ஆம் தேதி பாஸ்டன் அருகே டாய்ச்ச பேங்க் சாம்பியன்ஷிப்பில் டைகரோடு சேர்ந்தே ஆடி, மூன்று ஷாட் வித்தியாசத்தில் அவரை வென்றார். தொடர்ந்து 264 வாரம் டைகர் வைத்திருந்த உலக முதலிடம் அன்று கை மாறியது. அந்த வருடம் ஒன்பது வெற்றிகள், ஒரே சீசனில் ஒரு கோடி டாலருக்கு மேல் பரிசுப்பணம் பெற்ற முதல் ஆளும் அவர்தான்.

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. 2003-ல் பெண்கள் கோல்ஃபின் முன்னணி ஆட்டக்காரர் அன்னிகா சோரன்ஸ்டாம் ஆண்கள் போட்டியில் ஆட வந்தபோது, அவர் கட் தாண்டக் கூடாது என்று விஜய் பேசினார். கூடவே ஆடவும் மறுக்கும் தொனி அதில் இருந்தது. பெண் ஒருவர் தன் திறமையைச் சோதித்துப் பார்க்க வந்ததற்கு அந்த எரிச்சல் எதற்கு? எங்கிருந்தோ வந்து கதவைத் தட்டித் தட்டி உள்ளே நுழைந்த ஒருவர் அப்படிப் பேசியது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

2008-ல் பிஜிஏ டூர் சீசனின் ஒட்டுமொத்தப் பட்டமான ஃபெடெக்ஸ் கோப்பை, 2018-ல் 55 வயதில், ஐம்பது தாண்டியவர்களுக்கான சீனியர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப். ஆனால் நான் பார்க்கச் சொல்வது 2019 ஹோண்டா கிளாசிக்கை. 56 வயதில், பெரும்பாலும் தன் மகன் வயது ஆட்கள் நடுவே, சனிக்கிழமை 65 ஆடி, முதலிடத்துக்கு ஒரு ஷாட் பின்னால் கடைசி நாளுக்கு வந்தார். வென்றிருந்தால், 52 வயதில் ஜெயித்த ஸ்னீடின் இன்னொரு சாதனையும் போயிருக்கும். கடைசியில் ஆறாம் இடம்தான் கிடைத்தது.