மாடிப்படிக்குக் கீழே

கேமரா மாட்டப் போகிற இடத்தில் முதலாளிகள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "எத்தன நாள் ரெக்கார்டு நிக்கும்?" "என் போன்ல தெரியுமா?" பாளையங்கோட்டை, பேட்டை, அம்பாசமுத்திரம் என்று பத்து வருடத்துக்கு மேலாக ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இதில் படப்போகிற ஆட்களிடம் சொல்லிவிட்டீர்களா என்று நானும் யாரையும் கேட்டதில்லை. ஏணிக்காரனுக்கு எதற்கு அந்தப் பேச்சு.

கேமராவால் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். திருட்டுப் போன பைக் ஒன்று நான் மாட்டிய கேமராவால் திரும்பக் கிடைத்திருக்கிறது. நடுராத்திரி "ஆள் நடமாட்டம்" என்று முதலாளி போன் அலறி, விடிந்ததும் நான் ஓடிப்போய்ப் பார்த்தால் லென்சுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டியிருந்த கதையும் உண்டு. அகச்சிவப்பு வெளிச்சம் வலையில் பட்டால் அது திரையில் பளீரென்று ஆடும். தொடப்பக்குச்சியால் எடுத்துவிட்டு, சர்வீஸ் காசு வாங்கவும் கூச்சப்பட்டு வருவேன்.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. வாசல், கல்லா, குடோன், மாடி என்று ஆறு கேமரா முதலிலேயே போட்டாயிற்று. 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்க்கிற எல்லாருக்கும் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் கொண்டுவந்தார்கள் அல்லவா, அதற்கு அப்புறம்தான் அந்த முதலாளி என்னைத் திரும்பக் கூப்பிட்டார். சேலைப் பிரிவில் ஸ்டூல்கள் புதிதாகக் கிடந்தன. "ஸ்டூலு வாங்கிப் போட்டாச்சு அண்ணாச்சி. இனி எந்திரிக்கவா போறாளுவ? ரெண்டு கேமரா இங்கன பாத்தாப்ல மாட்டுங்க. பேசுறதும் கேக்கணும்."

மாட்டினேன். மைக்கோடு. அடுத்த முறை போனபோது ஸ்டூல்கள்மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பெண்கூட உட்காரவில்லை. வீட்டிலிருந்தபடியே முதலாளி சூப்பர்வைசருக்குப் போன் போடுவாராம், "மூணாவது ரேக்குக்காரி இன்னும் எந்திரிக்கலையா?" என்று. சட்டம் கொடுத்த ஸ்டூலை ரெண்டு மெகாபிக்சல் பிடுங்கிக்கொண்டது. பிடுங்கிக் கொடுத்தவன் நான்.

அன்றைக்கு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா பக்கத்தில் வந்து, துணி மடிக்கிற மாதிரி நின்றுகொண்டு, மெதுவாகக் கேட்டார். "அண்ணாச்சி, இது எதுவரைக்கும் தெரியும்?" முதலாளிகளில் ஒருவர்கூட இப்படித் துல்லியமாகக் கேட்டதில்லை. நான் வயரைப் பார்த்தபடியே, "தூணுக்குப் பின்னாடி ரெண்டடி தெரியாது. மாடிப்படிக்குக் கீழ சுத்தமாத் தெரியாது" என்றேன்.

ஆறு மாதம் கழித்து ஹார்டு டிஸ்க் மாற்றப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய், தண்ணீர்ச் செம்பு, ஆணியில் சின்னக் கண்ணாடி. ஒரு பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் படிக்கிற எங்கள் தெருப் பையனிடம் இதைச் சொன்னேன். அவன் கரக் சிங் கதையைச் சொன்னான். உத்தரப் பிரதேசத்துக்காரர். கொள்ளை வழக்கில் ஆதாரம் இல்லையென்று விடுவித்த பிறகும் போலீஸ் ராத்திரியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. 1962-ல் உச்ச நீதிமன்றம், ராத்திரி கதவைத் தட்டுவது தப்பு, போகிற வருகிற இடத்தைக் கண்காணிப்பது தப்பில்லை, அந்தரங்கம் என்று தனியாக ஓர் உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றுவிட்டது. 2017 ஆகஸ்டில், புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அதை மாற்றி, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்றார்கள். ஐம்பத்தைந்து வருடம். "அப்போ ஜவுளிக்கடைக்கு?" என்றேன். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டினான். வேலைக்கு வைத்திருப்பவர் தன் நஷ்டத்தைத் தடுக்க என்றால், ஊழியரின் சம்மதம் இல்லாமலே அவருடைய தரவைப் பயன்படுத்தலாம் என்று ஏழாவது பிரிவிலேயே வழி இருக்கிறது. ஸ்டூலில் உட்காருவதும் நஷ்டக் கணக்கில் வருமோ என்னவோ.

அப்புறம் என் முறை வந்தது. எங்கள் கம்பெனியில் எல்லார் போனிலும் இடம் காட்டுகிற ஆப் ஒன்றைப் போடச் சொன்னார்கள். தூத்துக்குடி ரோட்டில் வேலை என்றால் முறப்பநாட்டில் வண்டியை நிறுத்தி ஆற்றில் ஒரு முங்கு போடுவது என் வழக்கம். சித்திரை வெயிலில் தாமிரபரணிக்குள் கழுத்துவரை நிற்கிற சுகத்தைச் சொல்லி விளக்க முடியாது. ஆப் வந்த இரண்டாம் வாரமே ஆபீசிலிருந்து போன்: "முறப்பநாட்டுல நாப்பது நிமிசம் என்ன வேல?" பஞ்சர் என்றேன். அதற்குப் பிறகு நிறுத்துவதில்லை. யாரும் தடுக்கவில்லை, நானாகவே விட்டுவிட்டேன். ஸ்டூல்மேல் பெட்டி அடுக்கியதும் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"அந்தக் காலத்து வளவுல மட்டும் என்ன வாழ்ந்தது?" என்று என் மனைவி கேட்பாள். நியாயம்தான். டவுனில் நான் வளர்ந்த வளவில் ஏழு வீட்டுக்கு ஒரே முற்றம். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வீட்டில் மீன்குழம்பு, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆச்சி நம்மைப் பார்க்கிறாள் என்றால் நாமும் ஆச்சியைப் பார்க்கலாம். "என்ன ஆச்சி, உறக்கம் வரலையா?" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் மாட்டுகிற டோம் கேமராவுக்குக் கறுப்பு மூடி. எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த மூடி.

போன மாதம் ஜவுளிக்கடை முதலாளி மறுபடி கூப்பிட்டார். "மாடிப்படிக்குக் கீழ ஒண்ணு போட்டுரணும் அண்ணாச்சி." நான் படம் பதிவாகிற டிவிஆர் பெட்டியைத் திறந்து பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். ஒரு கேமராவுக்கு ஒரு சேனல். "எட்டுச் சேனலும் நிறஞ்சாச்சு முதலாளி. பதினாறு சேனல் பெட்டி வாங்கணும், டிஸ்க்கும் பெருசா போடணும்" என்று விலையைச் சொன்னேன். தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்.

எட்டும் நிறைந்திருந்தது உண்மைதான். குடோனில் சும்மா கிடக்கிற ஒன்றைக் கழற்றி அங்கே மாட்டலாம் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.