எடை மெஷினிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்கு

நான் வடிவமைத்து முதன்முதலில் கடைக்கு வந்த பொருள், மின்னணு எடை மெஷின் ஒன்றின் மேலுறை. தொழில்துறை வடிவமைப்பில் இளநிலைப் பட்டம் முடித்து ஒரு சிறு நிறுவனத்தில் 4 ஆண்டுகள் வேலை பார்த்தேன். வார்ப்பச்சிலிருந்து பிளாஸ்டிக் பாகம் ஒட்டாமல் கழன்று வர பக்கச் சுவருக்கு எவ்வளவு சாய்வு வேண்டும், திருகு இறங்கும் இடத்தில் தடிமன் எவ்வளவு இருந்தால் மேற்பரப்பில் பள்ளம் விழாது என்பவைதாம் அன்றாடக் கவலைகள். அந்த வேலையை இன்றும் மதிக்கிறேன். ஆனால் நான் செய்த பொருளை யார், எங்கே வைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று அந்த 4 ஆண்டுகளில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வீடு ராயபுரத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் மீன் வாங்கப் போனபோது, வழக்கமாக வாங்கும் அக்காவின் முன்னால் அதே மெஷின் இருந்தது. அதை ஒரு பாலித்தீன் பைக்குள் முழுவதுமாக இறக்கி, வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். பையின் உட்புறம் ஆவி படிந்து எண்கள் மங்கலாகத் தெரிந்தன. பாத்திரத்தின் எடையைக் கழிக்கும் பொத்தான் எது என்று தெரிவதற்காகப் பையின் மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். விரல் நுனியில் செதிலும் ஐஸ் தண்ணீரும் இருந்ததால் அந்தப் பொட்டை விரல் முட்டியால்தான் அழுத்தினார். வாங்குபவர் சந்தேகப்பட்டால் மெஷினைத் தூக்கி அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். பை எதற்கு என்று கேட்டேன். “தண்ணி பூந்தா போச்சு பாப்பா. ரிப்பேருக்குக் குடுத்தா ரெண்டு நாள் ஆவும். அந்த ரெண்டு நாளும் நான் இன்னா பண்றது?” என்றார்.

அன்று இரவே புதிய உறை ஒன்றை வரைந்தேன். பொத்தானைப் பெரிதாக்கினேன், தண்ணீர் புகாத விளிம்பு வைத்தேன். வரைந்து முடித்த பிறகுதான் இதுவும் முன்பு போல என் ஊகமே என்பது உறைத்தது. அது சரியா, தவறா என்று அறிந்துகொள்ளும் வழி எனக்குக் கற்பிக்கப்படவில்லை. அந்த வழியைத் தேடித்தான், மனிதர்கள் கணினிகளையும் கருவிகளையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் மனிதர்–கணினி ஊடாட்டம் என்ற துறைக்கு வந்தேன்.

முதுநிலை வடிவமைப்புப் படிப்புக்கு சீட் (CEED) எனப்படும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். மும்பை ஐ.ஐ.டி. அதை நடத்துகிறது. 3 மணி நேரத் தேர்வில் முதல் பகுதி கணினியில். இரண்டாம் பகுதி தாளில் வரைந்தும் எழுதியும் விடையளிப்பது. முதல் பகுதியில் தேறினால்தான் இரண்டாம் பகுதியைத் திருத்துவார்கள். மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். வரையத் தெரியும் என்ற நம்பிக்கையில் முதல் பகுதிக்குப் படிக்காமல் போனதால் ஓராண்டு வீணானது. அடுத்த ஆண்டு தேறினேன்.

நேர்முகத்தில், நான் செய்த வேலைகளின் தொகுப்பான என் போர்ட்ஃபோலியோவைப் புரட்டிய பேராசிரியர், பளபளப்பான படங்களையெல்லாம் கடந்து பாலித்தீன் பையின் புகைப்படத்தில் நின்றார். “பொத்தானைப் பெரிதாக்கினால் பிழை குறையும் என்கிறீர்கள். குறையாமல் போனால் அதை எதைக் கொண்டு கண்டுபிடிப்பீர்கள்?” என்று கேட்டார். சற்று நேரம் பேச்சு வரவில்லை. பிறகு, எத்தனை முறை தவறாக அழுத்துகிறார் என்று எண்ணுவேன் என்றேன். எப்போது, எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டு என்று அவர் தொடர்ந்து கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை. ஆனாலும் இடம் கிடைத்தது. இத்துறைக்கு வர விரும்பும் வடிவமைப்பாளர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: போர்ட்ஃபோலியோவில் முடிந்த பொருளின் படங்களைக் குறைத்து, உங்களுக்கு விடை தெரியாத ஒன்றையாவது வையுங்கள்.

படிப்பில் புள்ளியியல் கடினமாக இருந்தது. உட்கார்ந்து படித்துக் கடந்தேன். அதைவிட அளவுகோல்கள்தாம் அதிகம் யோசிக்க வைத்தன. இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால் அதைத் தொட அதிக நேரமாகும் என்பதை உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் சூத்திரமாக்கினார். அதில் இலக்கின் தொலைவும் அகலமும் இருக்கின்றன. ஈர விரலும் பாலித்தீனும் இல்லை. ஒரு கருவி பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று அறிய ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பயன்பாட்டு அளவுகோலில் 10 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறோம் என்று எண்ணால் சொல்ல வேண்டும். வரிசை எண் ஒற்றைப்படையான வாக்கியங்கள் பாராட்டாகவும் இரட்டைப்படையானவை குறையாகவும் அமைந்தவை. அதைத் தமிழாக்கிக் காசிமேட்டில் படித்துக் காட்டியபோது, “நல்லாத்தான் கீது” என்று பாராட்டுக்கும் தலையாட்டினார்கள், குறைக்கும் தலையாட்டினார்கள். தேடி வந்த பெண்ணின் மனம் நோகக் கூடாது என்ற பண்பு அது. அந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து அறிக்கையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

வழி காட்டியது லூசி சக்மனின் பணி. மானுடவியலாளரான அவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றின் முன் இருவர் இருவராக நிற்க வைத்து, அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைப் படம் பிடித்தார். தனியாக நிற்பவர் மனத்துக்குள் நினைப்பதை, துணை இருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். நானும் மீன் விற்பவரையும் கூட வரும் மகளையோ அண்ணியையோ சேர்த்தே உட்கார வைத்தேன். “அத அமுக்காத, அப்பால ஜீரோ வராது” என்று ஒருவர் மற்றவரிடம் சொன்ன ஒரு வாக்கியத்தில், 10 கேள்விகளுக்கும் கிடைக்காத விவரம் கிடைத்தது.

இதைக் கட்டுரையாக எழுதி அனுப்பியது நிராகரிக்கப்பட்டது. பொருள் நன்றாக இருக்கிறது, ஆனால் இதனால் மற்றவர்களுக்குப் புதிதாகத் தெரியவருவது என்ன என்று மதிப்பாய்வாளர் கேட்டிருந்தார். பல நாள் வருத்தத்துக்குப் பிறகு, ஜிம்மர்மன், ஃபோர்லிட்ஸி, எவன்சன் ஆகிய மூவரும் 2007-இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஒரு பொருளை வடிவமைப்பதே ஆராய்ச்சி முறையாக இருக்க முடியும் என்று வாதிடும் அவர்கள், அதற்கு நான்கு சோதனைகளை வைக்கிறார்கள்: செய்த முறை விளக்கப்பட்டிருக்கிறதா, புதுமை உண்டா, ஏன் தேவை என்று காட்டப்பட்டிருக்கிறதா, அதன்மேல் பிறர் மேலும் கட்ட முடியுமா. என் கட்டுரை நான்காவதில் விழுந்திருந்தது. கையால் செய்து பழகிய எனக்கு இத்துறையில் இடம் உண்டு என்ற தைரியமும் அந்தக் கட்டுரையிலிருந்தே வந்தது.

முனைவர் பட்டத்துக்கான ஆய்வுத் திட்டத்தை அதன் பிறகே எழுதினேன். மூன்று முறை மாற்றி எழுதியும் அதில் ஒரு பெரிய பிழை இருந்தது: களப்பணியை ஏப்ரல், மே மாதங்களில் வைத்திருந்தேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, சந்தையும் பாதியாகிவிடும். ராயபுரத்தில் வளர்ந்தும் கல்வியாண்டின் நாட்காட்டியையே பார்த்துத் திட்டமிட்டிருந்தேன். மனிதர்களிடம் ஆய்வு செய்ய அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தாமதமானதால் எல்லாம் ஜூன் கடைசிக்குத் தள்ளிப்போனது.

இருபுறமும் எண் தெரியும் மாதிரி ஒன்றை இப்போது அந்த அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். வாங்குபவரும் எடையைப் பார்ப்பதே நியாயம் என்று நினைத்து அப்படிச் செய்தேன். மூன்றாம் நாள் போனபோது வாங்குபவர் பக்கத்துத் திரையில் ஒரு துணி தொங்கியது. கூடையின் எடையைக் கழிப்பதற்கு முன்பே எண்ணைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள், ஜீரோ வந்த பிறகு துணியை எடுத்துவிடுகிறேன் என்றார். எந்த நேரத்தில், யார் வந்து நிற்கும்போது அவர் துணியைப் போடுகிறார், எடுக்கிறார் என்பதைத்தான் இந்த மாதம் முழுவதும் குறித்துக்கொண்டிருக்கிறேன்.