மூவாயிரம் ரூபாய் டப்பா

ஏப்ரல் 22
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம். காசிமேட்டில் போட்டெல்லாம் கரையில், 61 நாளைக்கு வருமானம் இல்லை, என் மெடிக்கல் ஷாப்பில் கடன் நோட்டு மட்டும் நிரம்புகிறது. விசைப்படகில் போகிற ஒரு தம்பி (பேர் வேண்டாம், எழுதட்டுமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்) கூட்டம் குறையும்வரை நின்றுவிட்டு ஒரு டப்பாவை நீட்டி, "இதுல இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லுணா" என்றான். போனில் விளம்பரம் பார்த்து 2,999 ரூபாய்க்கு வரவழைத்தது. மேகப்புண் (சிபிலிஸ்), வெட்டை மாதிரி பால்வினை நோயெல்லாம் 21 நாளில் வேரோடு போகுமாம். முன்னால் சிங்கம். பின்னால் எறும்பு சைஸ் ஆங்கிலத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. உணவுப் பொருள் லைசென்ஸ் நம்பர் இருக்கிறது, மருந்து லைசென்ஸ் நம்பர் எங்கேயும் இல்லை. "ஒரே ஒரு புண்ணுதாண்ணா, வலிகூட இல்ல" என்றான். வலி இல்லை என்றதுதான் எனக்குப் பயம், சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போடா என்றேன். தலையாட்டினான், அவ்வளவுதான்.

மே 9
முகமெல்லாம் சிரிப்பு. புண் ஆறிவிட்டது. "நீதான் வேணாம்ன!" சிபிலிஸ் புண் ஒன்றுமே செய்யாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறும், கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும். ஆறின இடத்தைக் கண்ணால் பார்த்தவனிடம் இதைச் சொன்னால் எடுபடுமா? 21 நாள் என்று அச்சடித்தவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கும், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மே 30
உள்ளங்கையில் ஏதோ தடிப்பு, ஆயின்மென்ட் கொடு என்று வந்தான். வலை இழுத்துக் காய்ப்புக் காய்ச்ச கை, அதில் என்ன தெரியும். செருப்பைக் கழற்றச் சொன்னேன். பாதம் முழுக்கச் செம்புள்ளி, அரிப்பே இல்லையாம். டப்பா விற்றவர்கள் பக்கம் போனில் பேசும் 'டாக்டர்' அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: விஷம் தோல் வழியாக வெளியேறுகிறது, இன்னொரு டப்பா போடு. பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரமே செய்யக்கூடாது என்று 1954லேயே சட்டம் வந்தாயிற்று, யாருக்குக் கவலை. ஷட்டரை இறக்கிவிட்டு அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டான்லிக்குப் போனேன்.

ஜூன் 1
ரத்தத்தில் சிபிலிஸ்தான். பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் இரண்டு பக்கமும் பாதிப் பாதி. நம்பிக்கை மையத்தில் ஹெச்ஐவியும் பார்த்தார்கள், இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கணும். பைசா செலவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது, குளிர்காய்ச்சல். "ஊசி ஒத்துக்கலணா, அந்த டாக்டரும் அதான் சொல்றாரு." இன்னுமா அந்த ஆளிடம் பேசுகிறாய் என்று கத்திவிட்டேன். கிருமி சாகும்போது முதல் நாள் காய்ச்சல் வரலாம் என்று நர்ஸம்மா சொல்லித்தானே அனுப்பினார்கள்?

ஜூன் 4
காய்ச்சல் மறுநாளே விட்டுவிட்டது. மனைவியையும் கூட்டிப்போகணும், அதற்குத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. ரத்தக் குறைவுக்கு ஊசி என்று என்னைச் சொல்லச் சொன்னான், முடியாது என்றேன். சாயங்காலம் அந்தப் பெண்ணே வந்தது, கையில் அதே சிங்கம் போட்ட டப்பா, பாதி காலி. "சத்து மாத்திரைன்னு எனக்கும் குட்த்தாருணா, பத்து நாளா சாப்டுறேன். இது இன்னா மாத்திரை?"